கடல் இல்லாத ஊரிலிருந்து வந்த விண்ணப்பம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொல்லி அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தந்துவிடுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். எப்படி ஃபைல் போடுவது, எப்படி அறிக்கை எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது நான் பட்ட ஒரு அவமானத்தை. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்தேன் என்றால் அதற்குக் காரணமே அந்த அவமானம்தான்.

நம் வேலை என்ன என்று உறவுக்காரர்கள் கேட்டால் நான் சுருக்கமாகச் சொல்வேன். கொடுக்க மனசு இருக்கிறவர்களுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. வேலை செய்கிறவர்களுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. நடுவில் நாம். நடுவில் நிற்கிறவருக்கு ஒரு வசதி, இரண்டு பக்கமும் கும்பிடு கிடைக்கும். அந்தக் கும்பிடு எனக்குத் தலைக்கேற இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நம் அலுவலகம் அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மலைக்காக வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் ஊருக்குத் திரும்பும்போது, இந்த மக்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை மாவட்டத்தில் இருந்த சின்னச் சின்ன சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் சேர்ப்பது எங்கள் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து பேர் கொண்ட குழு கூடி, யாருக்கு என்று முடிவு செய்யும். நான் அதற்குத் திட்ட அலுவலர். அலுவலர் என்று சொன்னால் பெரிதாக இருக்கிறது. அறையைப் பெருக்குவதும் நான்தான்.

நான் வருவதற்கு முன்னால் யார் நன்றாக அழுதார்களோ, யாருக்குக் குழுவில் ஆள் தெரியுமோ, அவர்களுக்குத்தான் உதவி போய்க்கொண்டிருந்தது. இதை ஒழுங்குபடுத்துகிறேன் பார் என்று கிளம்பினேன். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தேன், கொடுப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில். நோக்கம், இலக்கு, பயனாளிகள், ஏற்படப்போகும் மாற்றம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்தேன். இனிமேல் அழுகைக்கும் சிபாரிசுக்கும் இடமில்லை, மதிப்பெண்தான் பேசும். ஆறே மாதத்தில் விண்ணப்பங்களின் தரம் எங்கேயோ போய்விட்டது. ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. படிவம் இவர்களைச் சிந்திக்க வைத்திருக்கிறது என்று குழுவில் சொன்னேன். குழுவும் தலையை ஆட்டியது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விண்ணப்பம் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். பெண்கள் சங்கம். ஏரிக்கு உதவி கேட்டிருந்தார்கள். ஐந்தாம் பக்கம் வரை ஒழுங்காகப் போனது. ஆறாம் பக்கத்தில், எங்கள் ஊர் மீனவ மக்கள் கடல் அரிப்பால் வீடுகளை இழந்து வாடுகிறார்கள் என்று இருந்தது. ஏழாம் பக்கத்தில் கட்டுமரங்களுக்குப் புதிய வலைகள் கேட்டிருந்தார்கள். நம் மாவட்டத்தில் கால் நனைக்கக்கூடக் கடல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த மாதக் கூட்டத்தில் டீ வந்த பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் நடித்துக்காட்டுகிற மாதிரி வாசித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவராக இருந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற அரசு டாக்டர், சாதாரணமாகச் சிரிக்கிற ஆளே கிடையாது. அவரையே சிரிக்க வைத்த குஷியில் நான் நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். உங்கள் ஊருக்குக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிவித்தால் மேற்கொண்டு பரிசீலிக்கலாம் என்று. அதை டைப் அடிக்கும்போதுகூட எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் புரட்டாசிப் பௌர்ணமி. மலை சுற்ற வருகிற கூட்டத்தில் ஊருக்குள் வண்டி எதுவும் நகராது என்பதால் அன்றைக்கு அலுவலகம் கிடையாது. எனக்கு ஒரு அறிக்கை பாக்கி இருந்ததால் போயிருந்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வாசலில் ஒரு அம்மாள் நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி, கையில் எங்கள் கடிதம். பெயர் தெய்வானை, அந்தச் சங்கத்தின் தலைவி. பௌர்ணமிக்கு பஸ் ஜாஸ்தி விடுவார்கள் என்று அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார். மலையைச் சுற்றிவிட்டு, அப்படியே நம்மையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார்.

"கடல் எந்தப் பக்கம்னு கேட்டிருக்கீங்கனு எங்க ஊரு டீச்சர் படிச்சு சொன்னாங்கம்மா. நானும் எல்லாரையும் கேட்டுட்டேன். கெழக்கனு சொல்றாங்க. பாண்டிச்சேரி போயிட்டு வந்தவரு ஒருத்தரு இருக்காரு, அவரும் கெழக்கதான்னாரு. நான் பாத்ததில்ல. ஆனா எங்க ஏரிக்குத் தண்ணி மேக்கால இருந்து வருது. அதையும் கேப்பீங்களோன்னு நடந்துபோய் பாத்துட்டு வந்தேன்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. திறந்த டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். அது கேலிக்கு எழுதினது அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. பதிவுக்காகக் கேட்டது என்று முணுமுணுத்தேன்.

"அப்ப நான் சொன்னது சரியாம்மா?"

"சரிதான்க்கா."

அந்த அம்மாளின் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. தேர்வில் பாஸாகிவிட்டதாக நினைத்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மோசமான பொய் அதுதான்.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன், இரண்டு வாரம் தாமதமாக. உங்களுக்கு என்ன வேண்டும்? கட்டுமரமும் இல்லை, வலையும் இல்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக் கால்வாய் தூர்ந்துவிட்டது. மழை பெய்தாலும் தண்ணீர் ஏரிக்கு வராமல் ரோட்டோரம் ஓடி வீணாகிறது. ஏரி நிரம்பி எட்டு வருடம் ஆகிறது. கிணறெல்லாம் வற்றி, ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். தெய்வானையின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். பெண்கள் சேர்ந்து கால்வாயை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு துண்டு மட்டும் கையால் ஆகவில்லை. ஐப்பசி மழைக்குள் அதைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் இன்னொரு வருடம் போகும். "இன்னும் ஒரு வருசம்னா மீதி பேரும் போயிடுவாங்கம்மா. அப்புறம் ஏரி ரொம்பி யாருக்கு?" என்றார்.

அப்படியானால் மீனவர் எங்கிருந்து வந்தார்கள்? தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எழுதி வாங்கினார்களாம். ஒரு மூட்டை வேர்க்கடலை கொடுத்து.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அங்கே போய் நின்றேன். நடராஜன் என்று ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார், என் வயதுதான் இருக்கும். நான் கத்தின கத்தலில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை எடுத்துவிட்டார்கள். அவர் அசரவே இல்லை. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, தப்புதான் மேடம், ரெண்டு பக்கம் மாத்த மறந்துட்டேன் என்றார். அலமாரியிலிருந்து ஒரு பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். கடலோரத்து நிறுவனம் ஒன்று எப்போதோ எழுதியது, அருமையான ஆங்கிலம். அதைத்தான் அச்சாக வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஊர் பெயரையும் வேலையையும் மட்டும் மாற்றுவார்.

எல்லாருக்கும் என்றால்?

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் விரல் விட்டு எண்ணினேன், விரல் போதவில்லை. நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட விண்ணப்பங்கள் அத்தனையும் அந்த மேஜையிலிருந்து வந்தவை. தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வாங்கிய தையல் பயிற்சி நிலையம் உட்பட. அங்கே நான் போனபோது எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஆரத்தி எடுத்து, பிள்ளைகளை விட்டு வரவேற்புப் பாட்டுப் பாட வைத்தார்கள். இப்போது யோசித்தால், ஒரு மெஷினிலும் நூல் கோத்திருக்கவில்லை. பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தோளில் பொன்னாடை இருந்தது.

நடராஜன் மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க சங்கத்துக்கு மார்க் போடல மேடம். எனக்குப் போட்டீங்க."

கோபித்துக்கொண்டு போக ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவர்களில் உண்மையாக வேலை செய்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். வேலை செய்யாதவர்கள் வந்தால் அவருக்கு வேலை சுலபமாம். என்ன எழுத வேண்டும் என்று அவர்களே அழகாகச் சொல்லிவிடுவார்களாம். வேலை செய்கிறவர்களிடம் உங்கள் நோக்கம் என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். நேற்று நடந்த சண்டையைச் சொல்வார்கள், நின்றுபோன வேலையைச் சொல்வார்கள், யார் வரவில்லை என்பதைச் சொல்வார்கள். அதையெல்லாம் எழுதினால் நீங்கள் மார்க் போட மாட்டீர்கள் என்பதால் விட்டுவிடுவேன் என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். அந்த ஸ்டூலில் கற்றுக்கொண்டதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

அன்றைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு தெய்வானையின் ஊருக்குப் போனேன். சொல்லாமல் போனேன். பொன்னாடையும் இல்லை, பாட்டும் இல்லை. தெய்வானை முட்டிவரை சேற்றோடு கால்வாயிலிருந்து ஏறி வந்தார். கூடவே நடந்தேன். இரண்டு மைல் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை அடி என்று பிரித்து, எல்லைக்கு எல்லை சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருந்தார்கள். கல்லைக் காட்டி இது யார் வீடு, அது யார் வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் முள்ளும் மண்ணுமாகத் தூர்ந்து கிடந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே நின்றார்.

"இது எங்க கொழுந்தன் வீட்டு பங்கு. அவன் பொண்டாட்டிக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. தப்பு என் பேர்லயும் இருக்குது. இன்னிக்கு சாயங்காலம் போய் கூப்பிடறேன். வரலனா நானே வெட்டிப்புடுவேன்."

என் பன்னிரண்டு பக்கத்தில் உங்கள் குறை என்ன என்று ஒரு கேள்விகூட இல்லை. இந்த அம்மாள் கேட்காமலே சொல்கிறார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

கடைசித் துண்டு, ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்ப் பாலம். உள்ளே மண் அடைத்து, இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள் மரமாகவே வளர்ந்து வேர் இறங்கியிருந்தது. பொக்லைன் வந்தால் மூன்று நாள் வேலை. மண்வெட்டிக்கு அது மூன்று மாதம். மேற்கே பார்த்தேன், வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

குழுவைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே செலவினம் அவசர உதவி. குடிசை எரிந்தால், கூரை விழுந்தால் கொடுப்பதற்காக ஒதுக்கி வைத்தது. கால்வாய் வெட்டுவது அதில் வராது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நிராகரித்த விண்ணப்பத்துக்கு நிராகரித்தவளே கொடுத்தால் வேலையே போனாலும் போகலாம். அதுவும் தெரியும். டாக்டரம்மாவைத் தேடினேன், அவர் மகள் வீட்டுக்கு டெல்லி போயிருந்தார். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் பொக்லைன் ஊருக்குள் போனது, மூன்றே நாளில் அடைப்பு திறந்தது.

கூட்டத்தன்று நான் வாய் திறக்கும்போது வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கேலிக் கடிதம், அதற்குக் கிழக்கு என்று பதில் சொல்ல ஒரு அம்மாள் பஸ் ஏறி வந்தது, நான் சொன்ன பொய், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், நூல் கோக்காத மெஷின்கள், கடைசியில் என் கையெழுத்து. யாரும் சிரிக்கவில்லை. குழுவில் சென்னையிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். தாராள மனசுக்காரர். ஆனால் கொடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவருக்கு. கட்டடம், கல்வெட்டு, ரிப்பன். கால்வாயில் எங்கே கல்வெட்டு வைப்பது என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இதுல என்ன அவசரம்? யார் வீடு எரிஞ்சது?"

"மழை வருதும்மா."

"மழை வர்றது அவசரமா?"

"வந்துட்டா அவசரம் இல்லைங்க. அப்புறம் அடுத்த வருசம்தான்."

டாக்டரம்மா என் கையிலிருந்த ஃபைலை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு, அன்றைக்கு சிரித்தது இவள் ஒருத்தி மட்டும் இல்லை, நானும்தான் சிரித்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு இடமில்லை என்று விதி போட்டவள் நான்.

அந்தப் படிவம் அந்தக் கூட்டத்தோடு போனது. அதன் பிறகு யார் உதவி கேட்டாலும் நாங்கள் போய் ஒரு நாள் முழுக்க அவர்களோடு நடந்தோம், தமிழில் பேசினோம், கொடுப்பவர்களுக்கு வேண்டிய ஆங்கிலத்தை நாங்களே எழுதிக்கொண்டோம். நடராஜனுக்கு வருமானம் கம்மியாகிவிட்டது. ஆனாலும் மனுஷன் நல்லவர், தெருவில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார். யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்டால் பெயரும் சொல்வார். அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மழைக்கு வருவோம். அந்த ஐப்பசியில் அடித்தது பாருங்கள் மழை. செங்கம் ரோட்டில் சைக்கிள் கடைக்காரர் வண்டிகளையெல்லாம் எங்கள் மாடிப்படியில் ஏற்றி வைத்துவிட்டார், நாங்கள் தாண்டித் தாண்டிப் போனோம். கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், தெய்வானையின் ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னார், ஏரி கோடி போகிறது என்று. நிரம்பின ஏரி வழிந்து ஓடுகிற இடத்தைத்தான் நாங்கள் கோடி என்போம். கோடி போனால் ஊருக்கே திருவிழா.

வேன் பிடித்துக் குழு முழுக்கப் போனோம். சென்னைப் பெரியவர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். கரை முழுக்க ஜனம். கோடியில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது, பம்பை அடித்தார்கள். பெங்களூரிலிருந்து பாதி ஊர் திரும்பி வந்திருந்தது. தெய்வானையின் பெரிய பையன் தண்ணீருக்குள் நின்று தன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். தெய்வானையும் அந்தக் கொழுந்தன் வீட்டு ஓரகத்தியும் ஒரே பானையில் கரண்டி போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு வந்துவிட்டது என்று புரிந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் மொத்தமாகப் பார்த்ததில்லை. டாக்டரம்மா பொங்கலை இலையில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

பெரியவர் நெகிழ்ந்துபோய்விட்டார். தெய்வானையைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் இன்னும் பெரிதாகச் செய்யலாம், உங்கள் சங்கத்துக்கு என்ன வேண்டும் கேளுங்கள் என்றார். எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. பதில் எப்போதும் தயாராக இருக்கும். நானும் மனசுக்குள் ஒரு கட்டடத்துக்குத் தயாரானேன்.

தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். வேற்றூர் ஆட்கள் போல ஒதுங்கி நின்றுகொண்டிருந்த நான்கைந்து பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வரத் தயங்கினவர்களை முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"எங்களுக்குப் போதும்ங்க. இவங்க கீழ ஊரு. எங்க கோடித் தண்ணி இவங்க ஏரிக்குத்தான் போவணும். நடுவுல கால்வா தூந்துபோயி, ரோட்டுமேல பாயுது. எங்கள விட்டுட்டு இவங்களப் பாருங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எத்தனையோ நிறுவனங்களுக்குப் படியேறி இறங்கியிருக்கிறேன். எனக்குப் போதும், அடுத்தவருக்குக் கொடு என்று என்னிடம் சொன்னவர் அந்த ஒருவர்தான்.

கீழ ஊர்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடராஜன் சொன்ன மாதிரியே திருதிருவென்று விழித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. வேனை அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் போன வழியே அவர்களோடு நடக்க ஆரம்பித்தேன்.